இழுவை

தொடாமல் வாசிக்கும் வாத்யம் என்று சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிடுகிறது. கடந்த சில வருஷங்களில் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தந்தி இல்லை, துளை இல்லை, தோல் இல்லை. வெறும் காற்றில் கையை அசைத்தால் ஸ்வரம் வருகிறது என்றால், சங்கீதம் தன் உடம்பை உதறிவிட்டு ஒரு படி மேலே போய்விட்ட மாதிரி நம்மவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. நாதம் அருவம் என்று ஏற்கனவே நம்பிக்கொண்டிருப்பவர்கள்தானே. எனக்கு அந்த வெளிச்சத்தின் மேல் சந்தேகம் உண்டு. நான் இருப்பது திருப்பத்தூரில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வாணியம்பாடி. இன்னும் கொஞ்சம் போனால் ஆம்பூர். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஊறி, மயிர் நீங்கி, பதமாகி, ஷூவாகித் தேசாந்தரம் போகும் பிரதேசம். தோலைத் தொட்டவர்களைத் தொடாமல் வைத்திருந்த சரித்திரம் இங்கே தெருவுக்குத் தெரு எழுதியிருக்கிறது. ஆகவே ‘தொடாமல்’ என்ற வார்த்தையை ஒரு புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

நான் அதைச் செய்யப் புறப்பட்டதற்கு இந்தத் தத்துவங்கள் எதுவும் காரணமில்லை. என் அக்கா வீணை வாசிப்பவள். கச்சேரி வித்வாம்சினி என்று சொல்ல முடியாது; பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்து, ‘நீராருங் கடலுடுத்த’வையும் தேசிய கீதத்தையும் ஆயிரக்கணக்கான குரல்களுக்குப் பழக்கிவிட்டு, சாயந்தரம் வீட்டுக்கு வந்து தனக்காக ஒரு மணி நேரம் வாசித்துக்கொள்பவள். அறுபது தாண்டியபின் சரவாங்கி வந்தது. முதலில் விரல் கணுக்கள் வீங்கின, பிறகு கோணின. மெட்டின் மேல் தந்தியை அழுத்துவதும், அழுத்தியபடி பக்கவாட்டில் இழுப்பதும் முடியாமல் போயிற்று. வீணைக்கு உறை போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பேசாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் டெலிபோன் இலாகாவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பற்றவைக்கும் கோலும் நிறைய ஓய்வும் என்னிடம் இருந்தன.

காற்றில் வாசிக்கும் வாத்யம் புதிதில்லை. பெட்ரோகிராடில் 1920 வாக்கில் லெவ் தெர்மென் என்ற இளம் பௌதிக விஞ்ஞானி வாயுக்களின் குணத்தை அளக்கும் கருவி ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தன் கை கிட்டே போனால் அதன் ஓசை மாறுவதைக் கவனித்தார். அவர் செல்லோ வாசிப்பவராகவும் இருந்தது நம் அதிர்ஷ்டம். இன்னொருவராக இருந்தால் அதைக் கோளாறு என்று சரிசெய்திருப்பார். காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண்ணில் இரண்டு அலைகள். ஒன்று மாறாதது. மற்றொன்றின் சுற்றில் ஒரு உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. கை அதை நெருங்கும்போது உடம்பே ஒரு மின்தேக்கியின் பாதியாகி அந்த அலையைச் சற்று இறக்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் கேட்கும் ஸ்வரம். வலது கை ஸ்வரத்துக்கு. இடது கை ஒரு வளையத்தின் மேல் ஏறி இறங்கி ஓசையின் அளவுக்கு. 1922ல் லெனினிடம் வாசித்துக் காட்டினார். 1928ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1938ல் ரஷ்யா திரும்பி, சிறைப்பட்டு, சோவியத் அரசுக்காக ஒட்டுக்கேட்கும் கருவிகள் செய்தார். தொடாமல் பாடும் கருவி செய்த அதே மூளை தொடாமல் கேட்கும் கருவியும் செய்தது.

எனக்கு அவரைவிட முக்கியமானவர் க்ளாரா ராக்மோர். வில்னாவில் 1911ல் பிறந்தவர், வயலின் மேதை ஆகியிருக்க வேண்டியவர். கை கெட்டு வயலினை விட நேர்ந்து தெர்மினுக்கு வந்தவர். காற்றில் விரல்களை மடக்கியும் நீட்டியும் ஸ்வரம் பிடிக்கும் முறை ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டார். தெர்மெனிடமே சண்டை பிடித்து வாத்யத்தைத் தன் கைக்குத் தக்கபடி மாற்றச் செய்தார். கை கெட்ட ஒரு பெண்ணால் இந்த வாத்யம் முதன்முதலாக வாத்யம் ஆயிற்று என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் தெர்மின் முறையிலேயே ஒன்று செய்தேன். நம் வீடுகள் அதற்கு ஏற்றவை அல்ல. சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்குச் சேர்த்த ஸ்ருதி பன்னிரண்டுக்கு எங்கோ போயிருந்தது. இரும்பு பீரோவின் கதவைத் திறந்தால் ரிஷபம் இறங்கியது. பேரன் குறுக்கே ஓடினால் பஞ்சமம் அவனோடு ஓடியது. அக்கா சிரித்தாள் — உறை போட்டபின் வீணை இருந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டேன்.

இரண்டாவது, இந்தக் காலத்துச் சாமான்களால். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் தூரமானி ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி, அது கையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்வது. முப்பத்தாறு சென்டிமீட்டரில் ஒரு ஸ்தாயி என்று வகுத்துக்கொண்டேன். மேற்கத்திய இசைக் கணக்கில் ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட் — நாம் மனை வாங்கும் சென்ட் வேறு — அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று சென்டுக்கு மேல். கை ஆடாமல் இருக்கும்போதே தூரமானி மேலும் கீழுமாக மூன்று மில்லிமீட்டர் உளறுகிறது. ஆக மொத்தம் இருபது சென்ட் தடுமாற்றம். நம் சங்கீத சாஸ்திரத்தில் பிரமாண ஸ்ருதி என்கிறார்களே, 81க்கு 80 என்ற விகிதம், அது ஏறத்தாழ 22 சென்ட். அதாவது பரதர் காலத்திலிருந்து நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த நுண்ணிய இடைவெளி முழுவதையும் இந்த யந்திரம் தன் கைநடுக்கத்துக்குச் செலவழித்துவிடுகிறது.

நடுக்கத்தைச் சலித்தெடுக்க வழி உண்டு. ஐந்து அளவுகளை வாங்கிச் சராசரி எடுத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் 33 மில்லி விநாடி பிடிக்கிறது. ஐந்துக்கு 165. இரண்டு சங்கடங்கள் இதில். ஒன்று தாமதம்: கை போய்ச் சேர்ந்து ஏறக்குறைய நூறு மில்லி விநாடி கழித்து ஸ்வரம் வருகிறது, அந்த நேரத்தில் ஒலி முப்பத்துநாலு மீட்டர் போய்விடும், அதாவது தன் வாசிப்பைத் தானே மூன்றாவது வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்பது போல. இரண்டாவது இன்னும் மோசமானது. தோடி காந்தாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அந்தக் காந்தாரம். நொடிக்கு ஐந்து அசைவு என்று வைத்தால் ஒரு அசைவுக்கு 200 மில்லி விநாடி. 165 மில்லி விநாடிச் சராசரி அந்த அசைவை வாங்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வெளியே அனுப்புகிறது. நடுக்கம் எது, கமகம் எது என்று சல்லடைக்குத் தெரியாது. எனக்கு இது ஒரு எலெக்ட்ரானிக் பிரச்னையாகவே படவில்லை. நம் கமகங்களை நடுக்கம் என்றும் குழறல் என்றும் கேட்ட வெள்ளைக்காரக் காதுகளைப் பற்றிப் படித்திருக்கிறோம். அதே காது இப்போது ஒரு சில்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கும் வழி கிடைத்தது. முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி முன்கையை மட்டும் இடவலமாக வீசினால் அது ஒரு சுழற்சி. மணிக்கட்டில் ஒரு சிறு கைரோ மானியைக் கட்டினேன். அது நொடிக்கு ஆயிரம் தடவை அசைவைச் சொல்லும். ஆனால் அதற்கு ஞாபகம் கிடையாது, கொஞ்ச நேரத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிடும். லேசருக்கு இடம் தெரியும், தாமதமாக. கைரோவுக்கு அசைவு தெரியும், உடனே. இரண்டையும் ஒரு விகிதத்தில் கலந்தபோது தாமதமும் குறைந்தது, காந்தாரத்தின் அசைவும் கருவிக்குள் பிழைத்தது. திரையில் கோடு போட்டுப் பார்த்தேன். என் கை போன பாதையும் ஸ்வரம் போன பாதையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

அக்கா வாசித்தாள். ஹம்ஸத்வனி வந்தது. மோஹனம் ஓரளவு வந்தது. தோடி வரவில்லை.

“வழுக்குதுடா,” என்றாள். “போறது போறேன். எங்கேருந்து போனேன்னு கை சொல்ல மாட்டேங்குது.”

இந்த இடத்தில் ஒரு பொதுவான பிரமையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெட்டில்லாத வாத்யம், ஸ்வரங்களுக்கு இடையில் வேலியில்லாத வாத்யம், ஆகவே கமகத்துக்கென்றே பிறந்தது — இப்படிச் சொல்பவர்கள் உண்டு. நழுவுவதையும் கமகத்தையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருவது இது. வீணையில் இருபத்துநாலு மெட்டும் மெழுகில் அசையாமல் நிற்கின்றன. அந்த அசையாததன் மேல் தந்தியை அழுத்தி இழுக்கும்போது தந்தி எதிர்த்து இழுக்கிறது. எவ்வளவு தூரம் இழுத்தோம் என்பது கண்ணுக்கு முன்பாக, காதுக்கும் முன்பாக, விரலுக்குத் தெரிகிறது. விட்டால் திரும்பும். போன இடத்திலிருந்து திரும்பி வரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் கமகத்தின் உள்ளேயே இருக்கிறது. பாடுபவருக்கும் தொண்டையின் தசை அப்படித்தான் எதிர்க்கிறது. காற்று எதிர்ப்பதில்லை. அது யாரையும் எங்கும் போக விடுகிறது.

ஒரு கிளைப்பேச்சு. லாஸ் வேகாஸில் 2016 ஜனவரியில் இன்டெல் கம்பெனியின் மேடையில் ஏ.ஆர். ரஹ்மானும் சக கலைஞர்களும் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு காற்றில் வாசித்துக் காட்டினார்கள். பட்டைக்குள் இருந்தது க்யூரி என்ற பொத்தான் அளவுச் சாதனம். நம் பத்திரிகைகள் கொண்டாடின. 2017லேயே கம்பெனி க்யூரியைக் கைவிட்டது. சரக்கு விற்க ஒரு காட்சி தேவைப்பட்டது, காட்சி முடிந்தது. இதற்கு முன்னால், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969ல் டேவிட் ட்யூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். 1946ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாயும் அந்த முயற்சியில் இருந்தார். சில வருஷங்களில் அது ஓய்ந்தது; அங்கே பதிவான நாடாக்கள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. இவற்றோடு பெங்களூர் ஜி. ராஜ் நாராயணை வைத்துப் பார்க்க வேண்டும். புல்லாங்குழல் வாசிப்பவர், பொறியியல் படித்தவர்; 1979ல் ரேடல் என்ற பெயரில் எலெக்ட்ரானிக் ஸ்ருதிப்பெட்டி செய்ய ஆரம்பித்தார். அதில் எந்தப் பரவசமும் இல்லை. தம்பூரா போட ஆள் கிடைக்காத ஒருவனின் அவசியம் மட்டும் இருந்தது. இன்று அது இல்லாத பாட்டு கிளாஸ் கிடையாது. அழகான சப்தம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு உண்மையான கேள்விக்கான பதில்.

தோடி வராத அந்த நாட்களில் ஒருநாள் ஆம்பூரிலிருந்து என் நண்பர் வந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் கட்டிங்கில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவர். மேசை மேல் இருந்த பெட்டிக்கு முன்னால் நின்று எந்தத் தயக்கமும் இல்லாமல் கையை வீசினார். ஊளை மாதிரி ஒரு சப்தம் எழுந்து இறங்கியது, ரசித்தார். பிறகு சுவரோரம் இருந்த வீணையைப் பார்த்தார். அக்கா உறையை எடுத்தாள்.

“தொட்டுப் பாக்கலாமா டீச்சர்?”

“தாராளமா. ஏன் கேக்கறே?”

அவர் பதில் சொல்லவில்லை. காற்றில் வாசிக்கும்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வீணையில் தோல் கிடையாது. பலாமரம், மெழுகு, உலோகம், அவ்வளவுதான். தோல் உள்ள மிருதங்கத்தை எடுத்துக்கொண்டால் விசித்திரம் வேறு மாதிரி. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 2020ல் ஒரு புத்தகம் எழுதினார். மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் சேர்ந்து அந்த வாத்யம் ஆவதையும், அந்தத் தோலைத் தேர்ந்து, வார்பிடித்து, நாதம் கொண்டுவந்த தலித் குடும்பங்களின் பெயர் மேடைக்கு வராமல் போனதையும் அதில் படிக்கலாம். தோலைத் தட்டிய விரல் வணங்கப்பட்டது. தோலைத் தேர்ந்த விரல் வாசலோடு நின்றது. தொடாத வாத்யம் வந்துவிட்டால் இந்தப் பிரச்னையே கிடையாதே என்று ஒரு படித்த நண்பர் என்னிடம் உற்சாகமாகச் சொன்னார். தொடுவதை விட்டுவிட்டுத் தீட்டிலிருந்து தப்பிப்பது எப்படித் தீர்வு ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. தீட்டு எப்போதுமே அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது?

ஆம்பூர் நண்பர் தந்தியை ஒரு விரலால் அழுத்தி, இழுத்து, விட்டார். மறுபடி இழுத்தார். ஓசையை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல இழுவை இருக்குது,” என்றார். “அந்தப் பெட்டியில இழுவையே இல்லியே.”

இழுவை அவருடைய தொழில் வார்த்தை. ஒரு தோலை மேசையில் விரித்ததும் இரண்டு கட்டைவிரலாலும் அங்கங்கே நீட்டிப் பார்ப்பாராம். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. ஒரே தோலில் இடத்துக்கு இடம் இழுவை வேறு. திசைக்குத் திசையும் வேறு. ஷூவின் நுனியிலிருந்து குதிகாலுக்குப் போகும் திசையில் இழுவை குறைவாக இருக்கும்படி அப்பரை வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் ஷூ நாலு நாளில் நீண்டு காலை விட்டுக் கழன்றுவிடும். எந்தக் கருவியும் இதை அவருக்கு அளந்து கொடுப்பதில்லை. அவர் பேசிக்கொண்டே போனபோது, கமகத்தைப் பற்றி இவ்வளவு ஸ்தூலமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை என்று தோன்றியது. அக்காவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். கோணிய கட்டைவிரலால் அவர் காட்டிய மாதிரியே தன் முந்தானையை நீட்டிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவர் ஒரு துண்டு ஆட்டுத்தோல் கொண்டுவந்தார். ஷூவுக்கு உள்ளே போடும் மெல்லிய ரகம், ஒரு சாண் அகலம். அதைத் தூளி மாதிரி மடித்து, இரண்டு முனையிலும் சைக்கிள் ட்யூப் வார்களைக் கட்டி, ஒரு மரச்சட்டத்திலிருந்து தொங்கவிட்டோம். அக்காவின் முன்கை அதில் படுத்துக்கொள்கிறது. கை இன்னும் காற்றில்தான் இருக்கிறது. லேசரும் கைரோவும் முன்போலவே அதைப் பார்க்கின்றன. ஆனால் நடுவிடத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் தூளி திரும்ப இழுக்கிறது. தூரம் கூடக் கூட அதிகமாக இழுக்கிறது. இன்னொரு லாபமும் கிடைத்தது. கையின் பாரத்தைத் தூளி வாங்கிக்கொள்வதால் பத்து நிமிஷத்தில் தோள் வலிப்பது நின்றுவிட்டது. இதைப் பற்றிக் காற்றில் கைவீசும் கருவி செய்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்கு வயசு இருபத்தைந்து.

இழுப்பின் நடுவிடம் எந்த ஸ்வரம்? நான் ஸட்ஜத்தில் வைத்திருந்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஸட்ஜத்தில் வைத்தால் மேலே போக எல்லாமே எதிர்ப்பு, கீழே போக எதுவும் இல்லை. பஞ்சமத்தில் வை, இரண்டு பக்கமும் வீடு இருக்கும் என்றாள். வைத்தேன். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வருவது இப்போது இழுவையோடு வருவது, ரிஷபத்துக்குப் போவது இழுவையை மீறிப் போவது. அசைவின் இரண்டு பாதிக்கும் வேறு வேறு எடை. தோடியில் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாஸ்திரத்தில் எங்கும் கிடையாது. ஆனால் நான்காம் நாள் சாயந்தரம் காந்தாரம் வந்தது. ஒவ்வொரு தடவையும் வரவில்லை. மூன்றுக்கு ஒன்று. நிஷாதம் இன்னும் வரவில்லை.

வந்தது வீணையின் சப்தமும் இல்லை. தந்தியின் ஓசையைக் கணக்கிலேயே உண்டாக்கும் முறை 1983லிருந்து இருக்கிறது. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் வகுத்தது. ஒரு சின்ன இரைச்சலைச் சுழலவிட்டுச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் மழுக்கினால் மீட்டிய தந்தி மாதிரியே ஒலித்து அடங்கும். ஆசையாகச் செய்து காட்டினேன். அக்கா பாதியில் கையை எடுத்துவிட்டாள். “வீணை சத்தம் வேண்டாம். வீணை அதோ இருக்கு.” ஆகவே இது நீண்டு நிற்கும் ஒரு ஓசை, குழலும் இல்லை, வயலினும் இல்லை, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. இடது கையைத் தாழ்த்தினால் அடங்குகிறது. முதலில் அது ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி இருப்பதாகச் சொன்னாள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. வாசிக்கிறாள், இருபது நிமிஷம், சில நாள் அரை மணி.

தூளி தளர்ந்துகொண்டே வருகிறது. வியர்வை படுகிறது, கையின் பாரமும் நாள் தவறாமல் விழுகிறது, தோல் நீண்டுகொடுக்கிறது. நடுவிடம் வாரத்துக்கு அரை ஸ்வரமாவது இறங்கிவிடுகிறது, நான் கணக்கில் திருத்திவைக்கிறேன். நண்பரிடம் போனில் சொன்னேன். அன்றைக்குக் கைக்குக் கிடைத்தது வயிற்றுப் பக்கத்துத் துண்டு, அப்படித்தான் ஆகும் என்றார். அடுத்த தரம் முதுகுப் பக்கத்திலிருந்து வெட்டிக் கொண்டுவருகிறாராம். அது இதைவிட இறுக்கமாக இருக்கும், டீச்சர் கைக்குத் தாங்குமா என்று கேட்டார். அக்காவைக் கேட்டேன். கொண்டுவரச் சொல், பார்ப்போம் என்றாள்.